தோட்டத்தில் ஒரு மீட்டர்கேஜ்



கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யத்தக்க கைவேலை ஒன்றைக் குறித்து எழுதும்படி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். அவர்களில் ஒருவர் ரயில்வே குடியிருப்பின் தரைத்தளத்தில் வசிக்கும் சகோதரர். வீட்டின் பின்புறம் 20 அடிக்கு 12 அடி நிலம் வெறுமையாய்க் கிடக்கிறது. அதிலே பேரனுக்கு ஓடுகிற ரயில் ஒன்று போட்டுக் கொடுக்க ஆசை. பணி ஓய்வு பெற்றுக் குடியிருப்பைக் காலிசெய்ய இன்னும் மூன்று ஆண்டுகளே உள்ளன. அதற்குள் முடியுமா என்று கேட்கிறார்.

மூன்று ஆண்டுகள் தேவையில்லை; ஒரு கோடை போதும். ஆனால் அந்தக் கோடை முழுவதும் வேண்டும், அதிலும் பெரும்பகுதி மண்ணுக்கே போய்விடும். தோட்ட ரயில் அமைக்கத் தொடங்குகிற பலர் என்ஜினைத் தேடுவதில் ஆறு மாதமும், தரையைத் தயார் செய்வதில் ஆறு மணி நேரமும் செலவிடுகிறார்கள். முதல் மழையிலேயே தண்டவாளம் நெளிந்து, பெட்டிகள் கவிழ்ந்து, எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் திரும்பிவிடுகின்றன. ஆகவே இம்மாதம் என்ஜினைப் பற்றிக் கொஞ்சமும் மண்ணைப் பற்றி அதிகமும் எழுதப் போகிறேன்.

முதலாவது, எந்த அளவு ரயில் என்பதை நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். மேஜையின் மேல் ஓடும் சிறு ரயில்களில் உலகெங்கும் அதிகம் பழக்கத்திலுள்ளது அசலில் 87-இல் ஒரு பங்கு அளவு. அதன் தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர்தான். அறைக்குள்ளே அது அழகு. வெளியிலோ ஒரு வேப்பஞ்சருகு விழுந்தால் நின்றுபோகும். தோட்டத்திற்கென்றே பெரிய அளவில் ரயிலைச் செய்து பரவலாக்கியது ஜெர்மனி நாட்டின் நியூரம்பர்க் நகரத்து லேமன் நிறுவனம். 1968-இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் அதை வெளியிட்டார்கள். 2006-இல் அந்நிறுவனம் நொடித்துப்போக, மறு ஆண்டு மெர்க்லின் என்னும் மற்றொரு ஜெர்மன் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. இந்த ரயிலின் தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர். வண்டிகளின் அளவு அசலில் 22.5-இல் ஒரு பங்கு. மழையையும் பனியையும் வெயிலையும் மனதில் வைத்தே செய்யப்பட்டவை.

இந்த 45-ஐ 22.5-ஆல் பெருக்கிப் பாருங்கள். 1012 வருகிறது. அதாவது ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர், நம்முடைய மீட்டர்கேஜ்! ஜெர்மானியர்கள் தங்கள் நாட்டு மலைப்பாதைகளை நினைத்துச் செய்த அளவு, எழும்பூரிலிருந்து தெற்கே போன நம் பழைய பாதைகளின் அளவோடு அப்படியே பொருந்துகிறது. நம்மில் ஐம்பதைத் தாண்டிய பலரும் ஊரை விட்டு முதன்முதலாகப் புறப்பட்டது அந்தப் பாதையில்தான். தகரப்பெட்டி, ஒரு கூஜா தண்ணீர், ஜன்னலோரத்தில் கண்ணில் விழும் கரித்தூள். 1992-இல் தொடங்கிய அகலப்பாதைத் திட்டத்தால் அவை ஒவ்வொன்றாய் மாற்றப்பட்டு, தமிழ்நாட்டில் மீட்டர்கேஜ் என்று இன்று ஓடிக்கொண்டிருப்பது மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் 46 கிலோமீட்டர் மலைப்பாதை மட்டுமே. தாத்தா எந்த வண்டியில் வந்தார் என்பதைப் பேரனுக்குக் காட்ட வேண்டுமானால் இந்த 45 மில்லிமீட்டரே வழி.

இன்னொரு அளவும் உண்டு. இங்கிலாந்தில் ஓர் அடிக்கு 16 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டு, 32 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைப்பார்கள். அது இரண்டடிப் பாதைகளுக்கு உரியது. டார்ஜிலிங், மாத்தேரான் ரயில்கள் அந்த வகை. மும்பைப் பக்கத்தவர்களுக்கு அதில் ஆசை எழலாம். முதல் முயற்சிக்கு 45-ஐயே சிபாரிசு செய்கிறேன். வட்டமாய்த் தண்டவாளம், ஒரு என்ஜின், இரண்டு பெட்டி, டிரான்ஸ்பார்மர் எல்லாம் சேர்ந்த தொடக்கத் தொகுப்பு அதில் கிடைக்கிறது. விலை அதிகம்தான், வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். யாராவது பயன்படுத்தியதை வாங்கினாலும் நஷ்டமில்லை. உறுதியான பொருள்.

போதகர் பொம்மை ரயிலைப் பற்றி எழுதுவதா என்று சிலர் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. அவர்களுக்காக ஒரு வார்த்தை. தாமஸ் என்னும் நீல நிற என்ஜினை உங்கள் பிள்ளைகள் அறிவார்கள். அதை உண்டாக்கிய ஆட்ரி இங்கிலாந்தில் ஒரு குருவானவர். அவருடைய முதல் ரயில் புத்தகம் 1945-இலும், தாமஸ் வரும் புத்தகம் அடுத்த ஆண்டும் வெளிவந்தன. தம் கையாலேயே ரயில் மாதிரிகள் செய்து கண்காட்சிகளுக்குக் கொண்டுபோனவர். அவருடைய நண்பர் டெடி பாஸ்டன் என்ற மற்றொரு குருவானவர் ஒரு படி மேலே போனார். கேட்பி என்ற கிராமத்தில் தமக்குக் கொடுக்கப்பட்ட குருமனைத் தோட்டத்தில், 1963-இல், மாதிரி அல்ல, நிஜமான இரண்டடிப் பாதையையே போட்டு நிஜ நீராவி என்ஜினை ஓட்டினார். அவர் 1986-இல் மறைந்த பின்னும் அந்தப் பாதை 2005 வரை இருந்தது. நம் சபையார் அந்த அளவுக்குப் பொறுப்பார்கள் என்று நான் சொல்லவில்லை.

இனி திட்டத்திற்கு வருவோம்.

காகிதத்தில் முதலில் வரைகிறவர்கள் எல்லாரும் எட்டு போல் ஒரு பாதை, ஒன்றின்மேல் ஒன்று செல்லும் பாலம், ஒரு குகை, மூன்று நிலையம் என்றே வரைகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. கீழே ஒரு வண்டி போக, மேலே பாலம் தாங்க, ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். சிறு என்ஜின் மூன்று பெட்டிகளைச் சிரமமின்றி இழுக்க வேண்டுமானால் 40-க்கு ஒன்று என்ற ஏற்றத்தை மீறாதிருப்பது நலம். 25-ஐ 40-ஆல் பெருக்கினால் 10 மீட்டர். ஏற 10 மீட்டர், இறங்க 10 மீட்டர். நமது சகோதரரின் 20 அடி நிலத்தின் நீளமே 6 மீட்டர்தான்! நீலகிரிப் பாதை ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி ஏறுகிறதே என்பீர்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல்தண்டவாளம் பதித்து, பற்சக்கரத்தால் அல்லவா ஏறுகிறது? முதல் பாதை சமதளமாகவே இருக்கட்டும்.

ஆகவே ஒரு நீள்வட்டம். வளைவுகள் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. தொகுப்போடு வரும் வளைவுகளின் ஆரம் 600 மில்லிமீட்டர். நீண்ட பெட்டிகள் அதில் திரும்பும்போது அரைவாசி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், சக்கரமும் தேயும். இதே நிறுவனத்தின் 1195 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவுகள் 16 சேர்ந்தால் ஒரு முழு வட்டம். அதை இரண்டாகப் பிரித்து, நடுவே பக்கத்திற்கு எட்டாக 300 மில்லிமீட்டர் நேர்த்துண்டுகள் 16 வைத்தால், 4.8 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் அகலமுமான நீள்வட்டம் கிடைக்கும். 20-க்கு 12 அடி நிலத்தில் இது சுற்றிலும் ஒன்றே முக்கால் அடிக்கு மேல் இடம் விட்டுப் பொருந்தும். அந்த இடம் அவசியம். மதிலை ஒட்டிப் போட்டால் கவிழ்ந்த வண்டியைத் தூக்க ஒருவரும் போக முடியாது. மொத்தச் சுற்று 12.3 மீட்டர். ஒரு பக்கத்தில் பின்னொரு நாள் கிளைப்பாதை பிரிவதற்கு இடம் குறித்து வையுங்கள். இப்போதே வாங்க வேண்டாம். வண்டி போன வழியே திரும்பி வரும்படியான கண்ணி வளைவையும் முதல் பாதையில் தவிர்த்துவிடுங்கள். இரண்டு தண்டவாளத்திலும் மின்சாரம் ஓடுகிற அமைப்பில் அது ஷார்ட் சர்க்யூட் ஆகும்.

தண்டவாளத்தை வாங்குமுன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை அந்த நீள்வட்டமாகத் தரையில் போட்டு, இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். துணி உலர்த்துகிறவர்கள் எங்கே மிதிக்கிறார்கள், கூரைத் தண்ணீர் எங்கே கொட்டுகிறது, மாமரத்தின் பால் எங்கே சொட்டுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். வீட்டுப் பெண்களின் அபிப்பிராயத்தை இந்தக் கட்டத்திலேயே கேட்டுக்கொள்வது உத்தமம்.

அஸ்திபாரம்

வாடகை வீட்டிலும் குடியிருப்பிலும் இருப்பவர்கள் சிமென்ட் கான்கிரீட் போடவே கூடாது. உரிமையாளரோ துறையோ சம்மதிப்பது கடினம். போகும் நாளில் இடித்துக் கொடுக்கவும் நேரிடும். நல்லவேளையாக, சல்லிப் படுக்கையே தோட்டப் பாதைக்கு ஏற்றது. நிஜ ரயிலும் அதன்மேல்தான் கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போகலாம், தாழ்ந்த இடத்தில் இரண்டு கை சல்லி போட்டு நிமிர்த்தலாம்.

பாதையின் வழியெங்கும் ஒரு மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி அடியுங்கள். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் டியூப் லெவல் ஒன்று போதும். ஒரு முனையைப் பெரியவர் பிடிக்க, மறுமுனையைப் பிள்ளை பிடிக்க, எல்லாக் குச்சியிலும் ஒரே மட்டத்தைக் குறித்துவிடலாம். பாடப்புத்தகத்தில் படித்தது உண்மையென்று பிள்ளைக்கு இங்கே தெரியும். பொதுவாக முற்றங்கள் சாக்கடைப் பக்கம் சாய்ந்தே இருக்கும். 60-க்கு ஒன்று என்ற சாய்வானால் 4.8 மீட்டரில் 8 சென்டிமீட்டர் இறக்கம். மேட்டுப்பக்கம் 4 சென்டிமீட்டர் வெட்டி, தாழ்ந்த பக்கம் 4 சென்டிமீட்டர் உயர்த்தினால் சமமாகிவிடும். நீளவாக்கில் சிறு ஏற்ற இறக்கம் இருந்தால் என்ஜின் பொறுத்துக்கொள்ளும். குறுக்குவாக்கில், அதாவது ஒரு தண்டவாளம் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தால், அதுவும் திடீரென்று மாறினால், பெட்டி கவிழும். ஆகவே ரசமட்டத்தை இரண்டு தண்டவாளங்களின்மேல் குறுக்கே வைத்து ஒவ்வொரு அடிக்கும் பாருங்கள்.

பள்ளம் 20 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் ஆழம். புனே, நாக்பூர், இந்தூர் முதலிய கரிசல் மண் ஊர்களில் இருப்பவர்கள் இரட்டிப்பு ஆழம் தோண்டுங்கள். அந்த மண் மழையில் உப்பி, வெயிலில் வெடித்து, மேலே உள்ளதை எல்லாம் அசைக்கும். பள்ளத்தின் அடியில் நர்சரிக்காரர்கள் தொட்டிகளுக்குக் கீழே விரிக்கிற, தண்ணீர் இறங்கும் கறுப்பு விரிப்பைப் போடுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம். தண்ணீர் அதில் தேங்கும். கோரைப்புல் எதையும் குத்திக்கொண்டு மேலே வரும், அதைக் கிழங்கோடு முன்னமே எடுத்துவிட வேண்டும். பிறகு கால் அங்குலச் சல்லியும் கல் குவாரித் தூளும் கலந்து, இரண்டு அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து இடியுங்கள். உடைத்த கல்லாக இருக்க வேண்டும். ஆற்றுக் கூழாங்கல் பார்வைக்கு அழகு. ஆனால் உருண்டைக் கற்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது, வண்டி ஓட ஓட நகர்ந்துவிடும். நம் கணக்குக்கு ஏறக்குறைய 10 கன அடி, அதாவது 400 கிலோவுக்கு மேல் சல்லி பிடிக்கும். தோண்டிய மண்ணைத் தூர எறியாதீர்கள். நீள்வட்டத்தின் நடுவே அது ஒரு குன்றாகட்டும்.

படுக்கை சுற்றியுள்ள மண்ணைவிட ஐந்து சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். பாதைக்கு முதல் சத்துரு தண்ணீர். நேரலிலிருந்து மாத்தேரானுக்கு ஏறும் பாதை 1907-இல் திறக்கப்பட்டது. நூறாண்டு அனுபவமுள்ள அந்தப் பாதையே 2019-ஆம் ஆண்டு மழையில் அரித்துப்போய், 2022 அக்டோபரில்தான் முழுவதும் மீண்டும் ஓடியது. நம்முடையது எம்மாத்திரம்! ஆகவே தண்டவாளம் வைக்குமுன் படுக்கையின்மேல் நாலைந்து நாள் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுங்கள். எங்கே அமுங்குகிறதோ அங்கே நிரப்புங்கள். பேரன் அவசரப்படுவான். தண்ணீர் ஊற்றும் வேலையை அவனிடமே கொடுத்துவிடுங்கள்.

தண்டவாளமும் மின்சாரமும்

பித்தளைத் தண்டவாளம் வெளியில் நிறம் மங்கினாலும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அலுமினியம் மலிவு, ஆனால் அதைப் பற்றவைப்பது கடினம்; இணைப்புகளில் தொல்லை கொடுக்கும். பித்தளையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெப்பத்தில் அது நீளும். தில்லியில் ஜனவரி அதிகாலையின் குளிருக்கும் மே மாத மதியத்தில் தண்டவாளம் கொதிக்கும் சூட்டுக்கும் இடையே 55 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் பித்தளை ஒரு சென்டிமீட்டர் நீளுகிறது. ஆணி அடித்து இறுக்கினால் அந்த ஒரு சென்டிமீட்டர் எங்காவது வில்லாய் வளைந்து நிற்கும். இதனாலேயே தண்டவாளத்தைச் சல்லிமேல் சும்மா வைத்து, ஸ்லீப்பர்களின் இடையே பொடிச் சல்லியை நிரப்பி, தானே அசைந்து கொடுக்கும்படி விடுகிறார்கள். சல்லி ஸ்லீப்பரின் மேல்மட்டத்தைத் தாண்டக் கூடாது. ஒரு கல் சக்கரத்தில் சிக்கினாலும் பற்சக்கரம் உடையும்.

துண்டுகள் சேரும் இடங்களில் மின்சாரம் கடத்தும் கிராஃபைட் பசையைத் தடவிச் சேர்த்தால் நெடுநாள் உழைக்கும். டிரான்ஸ்பார்மர் வீட்டிற்குள்ளேயே இருக்க வேண்டும். 230 வோல்ட் எந்தக் காரணத்தாலும் தோட்டத்திற்கு வரக் கூடாது. 24 வோல்ட்டுக்கு உட்பட்ட கம்பி மட்டுமே வெளியே வரட்டும். டிரான்ஸ்பார்மர் செருகப்படும் இணைப்பில் இ.எல்.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டிக்கொள்ளுங்கள். மழையில் ஓட்டும் என்ஜின் என்று பெட்டியில் படம் போட்டிருந்தாலும், இடி மின்னலில் பிள்ளையை வெளியே அனுப்புவோமா?

தண்டவாளத்தைச் சுத்தம் செய்ய, பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போதும். இரும்புக் கம்பிநாரைக் கொண்டு தேய்க்காதீர்கள். அதன் துகள்களை என்ஜின் மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும், பிறகு மோட்டார் இராது. பேட்டரியும் ரிமோட்டும் வைத்து ஓட்டும் முறை இந்தத் தேய்க்கும் வேலையையே இல்லாமலாக்குகிறது. இரண்டாம் ஆண்டில் யோசிக்கலாம். நிஜமாகவே தண்ணீர் கொதித்து ஓடும் நீராவி என்ஜின்களும் உண்டு. சூடும் எரிவாயுவும் கலந்த அந்த விஷயத்தைச் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் தொடங்காதிருப்பது நல்லது.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கையில் கொடுத்தால் குமிழைக் கடைசிவரை திருப்பிவிடுவார்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போன பழைய பாசஞ்சர் வண்டியை இந்த அளவுக்குச் சுருக்கினால், 12.3 மீட்டர் சுற்றுக்கு ஏறக்குறைய 50 விநாடி ஆக வேண்டும். ஒரு கடிகாரத்தைக் கொடுத்து, சரியாய் 50 விநாடியில் சுற்றிவரச் செய் என்று சொல்லிப் பாருங்கள். பிறகு அதுவே அவர்களுக்கு விளையாட்டாகிவிடும். வண்டியும் வண்டியைப்போல் தோன்றும்.

செடிகளில் சிற்றிலை உள்ளவையே பொருந்தும். பெரிய இலை பக்கத்தில் இருந்தால் ரயில் பொம்மையாகிவிடும். பத்து மணிப் பூ வெயிலுக்கு அஞ்சாது, குன்றின்மேல் படரும். துளசிக் கன்றை அவ்வப்போது கத்தரித்து வந்தால் தூரத்து மரம்போல் நிற்கும். சுவரோரத்து ஈரத்தில் தானாகவே முளைக்கும் பொடி இலைப் பூண்டைப் பிடுங்கி எறிவோம் அல்லவா, அதையே பாதையோரத்தில் விட்டுப் பாருங்கள். கையகலத்தில் ஒரு காடு. நிலையக் கட்டடத்தைப் பிளைவுட்டில் செய்யாதீர்கள், கரையான் ஒரே மழைக்காலத்தில் முடித்துவிடும். ஓட்டுச்சில்லும் சிமென்ட்டும் போதும். நத்தை தண்டவாளத்தின்மேல் ஊர்ந்தால் அதன் பிசின் மின்சாரத்தைத் தடுக்கும். காலையில் முதல் வண்டிக்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

பாலம் இல்லாமல் என்ன ரயில் என்று பேரன் கேட்கத்தான் செய்வான். அடுத்த கோடையில் அதற்கு ஓர் உத்தமமான மாதிரி இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து புனலூர் செல்லும் வழியில், ஆரியங்காவுக்கு அப்பால், 13 கண்களுள்ள கற்பாலம். 1904-இல் திறந்த பாதை அது. 2010 வரை மீட்டர்கேஜ் வண்டி அதன்மேல் ஓடியது. 2018 முதல் அகலப்பாதை ஓடுகிறது. ஏறக்குறைய 100 மீட்டர் நீளமுள்ள அதை நம் அளவுக்குச் சுருக்கினால் நாலரை மீட்டர் வரும், நமது நேர்ப்பாதையோ இரண்டரை மீட்டர்கூட இல்லை. நான்கு கண் மட்டும் கட்டுங்கள். பாதையை உயர்த்த வேண்டாம். பாதையின் கீழே மண்ணைத் தோண்டி ஓடையாக்கினால் சமதளப் பாதையிலேயே பாலம் வந்துவிடும். மழைத் தண்ணீர் வடியவும் அதுவே வழி. ஓடையின் வாய் சாக்கடைப் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால், புனே கோத்ரூட்டில் 1998-இல் திறக்கப்பட்ட ஜோஷி சிறு ரயில் காட்சியகத்தையும், தில்லி சாணக்யபுரியில் 1977-இல் அமைந்த தேசிய ரயில் அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். முன்னது அறைக்குள் ஓடும் சிறு அளவு, பின்னதில் இருப்பவை நிஜ என்ஜின்கள்.

ஜூன் மாதம் மழை பிடிக்குமுன் என்ஜினையும் பெட்டிகளையும் துடைத்து உள்ளே எடுத்து வையுங்கள். தண்டவாளம் அங்கேயே கிடக்கலாம். ஒவ்வொரு துண்டின் அடியிலும் அழியாத மையால் எண் எழுதி, அந்த எண்களோடு பாதையின் படத்தையும் ஒரு நோட்டில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பைக் காலிசெய்கிற நாளில் 32 துண்டுகளையும் அரை மணி நேரத்தில் கழற்றி, கழுவி, ஒரு தகரப்பெட்டியில் அடுக்கிவிடலாம். சல்லியை விட்டுவிட்டுப் போகலாம். ஊரிலே சல்லி கிடைக்கும்.